துப்பாக்கிக்கு வில்லங்கம் பார்க்கிறார்கள்!

பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டிக் கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கோட்டை எங்கே என்று வெளியூர்க்காரர் தேடினால் முட்புதரும் மண்மேடும் அகழியின் மிச்சமும்தான் கண்ணில் படும். 1613ல் டச்சுக் கும்பினியார் கட்டிய ஜெல்டிரியா கோட்டை அது. துணி வியாபாரத்துக்காக வந்தார்கள் என்று பள்ளிப் பாடத்தில் எழுதியிருக்கும். அவர்கள் இங்கே நடத்திய இன்னொரு தொழிலைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. அது வெடிமருந்துத் தொழில். வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் இடித்துக் கலந்து, பீப்பாயில் அடைத்து, பத்தேவியா என்று அவர்கள் பெயரிட்ட இன்றைய ஜகார்த்தாவுக்கு இங்கிருந்து கப்பலில் அனுப்பினார்கள். பஞ்ச காலத்திலும் யுத்த காலத்திலும் வயிற்றுக்கில்லாமல் விலைபோன நம் ஜனங்களை, ஆயிரக்கணக்கில், அடிமைகளாக ஏற்றி அனுப்பியதும் இதே துறைமுகத்திலிருந்துதான்.

பழவேற்காட்டில் டச்சுக்காரரின் இடுகாடு இன்றும் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கிறது. உள்ளே கல்லில் பெயர், பட்டம், இறந்த தேதி எல்லாம் அழகாக வெட்டியிருக்கிறது. மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா அதைக் காக்கிறது. கும்பினியின் கணக்கேடுகள் ஹாலந்தில் பத்திரமாக இருக்கின்றன. 2003ல் யுனெஸ்கோ அவற்றை உலகத்தின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்து மரியாதை செய்தது. மருந்து இடித்த கூலிக்காரனின் பெயர் அந்தக் கல்லறைகளில் இல்லை. கப்பலில் ஏற்றப்பட்டவளின் பெயரும் இல்லை.

இந்தப் பழங்கதையை ஏன் எடுத்தோம் என்று ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் கேட்கலாம். சுட்டவனுக்குப் பத்திரம் உண்டு, குண்டு பட்டவனுக்கு இல்லை என்கிற இந்த ஏற்பாடு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. உலகத்தில் இன்று அது ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. யுத்தத்தில் ஞாபகார்த்தமாக எடுத்துவந்த துப்பாக்கிகளைச் சேகரிக்கும் வியாபாரத்தைத்தான் சொல்கிறோம்.

சேகரிப்பவர்கள் யார்? நாலு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே மாளிகை வைத்திருப்பவர்களும் உண்டு, சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒன்றிரண்டு வாங்கி வைக்கும் சாதாரண ஆசாமிகளும் உண்டு. ஆசை எல்லோருக்கும் பொது. அந்தத் துப்பாக்கிக்கு விலை நிர்ணயிப்பது அதன் இரும்போ மரமோ அல்ல. அதன் பூர்வோத்தரம். யார் எடுத்தான், எங்கே எடுத்தான், எந்தச் சண்டையில் எடுத்தான், பிறகு யார் கைக்குப் போனது என்று ஆதாரம் காட்டினால் விலை ஏறும். நம் ஊரில் நிலம் வாங்குகிறவன் மூலப்பத்திரம் கேட்டு, சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, அங்கே துப்பாக்கிக்கு வில்லங்கம் பார்க்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். நம் சார்பதிவாளர் ஆபீசில் விற்றவன் பெயரும் எழுதியிருக்கும். துப்பாக்கியின் பத்திரத்தில் பறிகொடுத்தவன் பெயர் எழுதப்படுவதில்லை.

சீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கி

2019 மார்ச் மாதம் இங்கிலாந்தில் பெர்க்ஷயர் பகுதியில் ஓர் ஏலம் நடந்தது. ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. வாள்கள் இருந்தன. ஒரு வெற்றிலைப்பாக்குப் பெட்டி இருந்தது. வெள்ளி வேலைப்பாடு செய்த ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் பயனெட்டும் இருந்தன. எல்லாம் 1799ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் தாமஸ் ஹார்ட் என்பவர் எடுத்துப்போனவை என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். திப்பு சுல்தானின் துப்பாக்கி மட்டும் 60,000 பவுனுக்குப் போனது. இது கொள்ளைப் பொருள், திருப்பிக் கொடு என்று இந்தியாவிலிருந்து எழுந்த குரல்கள் காதில் ஏறவில்லை.

அது திப்புவின் துப்பாக்கிதான் என்று எப்படி நிச்சயித்தார்கள்? திப்புவின் பட்டறைகளில் செய்த ஆயுதங்களுக்கென்று புலிக்கோட்டு வேலைப்பாடும் முத்திரைகளும் உண்டு, அது ஒரு சாட்சி. மேஜரின் கும்பினி முத்திரை மோதிரம் அதே குடும்பத்தில் இருந்தது, அது இன்னொரு சாட்சி. இருநூற்றிருபது வருஷமாக ஒரே குடும்பத்தில் கைமாறி வந்தது என்ற பேச்சு மூன்றாவது சாட்சி. இந்த மூன்றையும் சேர்த்து உலகம் ஒப்புக்கொண்டது. குடும்பப் பேச்சையும் சாட்சியாக எடுத்துக்கொண்டதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வருகிறோம்.

1799 மே 4ந் தேதி சீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் ஏறிய படையின் பெரும்பகுதி சென்னைப் பட்டாளம். வெள்ளைச் சோல்ஜர்களோடு தமிழ், தெலுங்குச் சீமைகளிலிருந்து கூலிக்குச் சேர்ந்த சிப்பாய்களும் இருந்தார்கள். நகரம் கொள்ளை போனது. பிறகு கும்பினி முறைப்படி கமிட்டி போட்டு மிச்சத்தைப் பங்கு பிரித்தார்கள். கொள்ளைப் பங்குக்குக் கும்பினி பாஷையில் ‘பரிசுப் பணம்’ என்று பெயர்! தளபதி ஹாரிஸ் ஒருவருக்கே ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. சுவரேறிய நம் சிப்பாய்க்கு ஏறத்தாழ 5 பவுன். மேஜருக்குத் துப்பாக்கியும் கிடைத்தது, அதன் பத்திரமும் கிடைத்தது. சிப்பாயின் வீட்டுப் பரணில் என்ன இருந்தது என்று எந்த ஏலக்காரனும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

எங்கள் அபிப்பிராயத்தில் இந்தப் பத்திரங்கள் பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொல்கின்றன. இன்ன தேதியில், இன்ன ஊரில், செத்துக் கிடந்த ஒருவனின் வீட்டிலிருந்து நான் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் என்று பெயர். ஏலக்கடையில் அதற்கு நற்சான்று என்று பெயர். கோழி திருடினவன் எழுதிக் கொடுத்தால் மூன்று மாதம் உள்ளே போகிறான். கோட்டை திருடினவன் எழுதிக் கொடுத்தால் அவன் பேரப்பிள்ளைகளுக்கு 60,000 பவுன் கிடைக்கிறது.

பூ அராவிய துப்பாக்கி

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் காகித வேலை ஆபீஸ் காரியமாகவே ஆகிவிட்டது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்கச் சிப்பாய்கள் எதிரியின் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக அவர்கள் சர்க்கார் அனுமதித்தது. சிப்பாயின் பெயர், பதவி, எடுத்த சாமான் இன்னது என்று எழுதி மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜப்பானியரின் அரிசாக்கா துப்பாக்கிகள் இப்படி ஏராளமாக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதைச் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுவோம், தொழில் தெரிந்த நம் வாசகர்களுக்கு ருசிக்கும். அரிசாக்காவின் மேல்புறத்தில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் சின்னமான சாமந்திப்பூ பொறித்திருக்கும். சரணாகதிக்குப் பிறகு மொத்தமாக ஒப்படைத்த துப்பாக்கிகளில் பொதுவாக இந்தப் பூவை அராவி அழித்திருப்பார்கள். சக்கரவர்த்தியின் முத்திரை எதிரி கைக்குப் போகக்கூடாது என்ற எண்ணம்! பூ முழுசாக இருந்தால் சண்டைக்களத்திலே எடுத்தது என்று சொல்லி அதிக விலை கேட்பார்கள். பக்கவாட்டில் வரிசை எண் இருக்கும், கொக்குராவோ நகோயாவோ எந்த ஆயுதசாலையில் செய்தது என்பதற்கு முத்திரை இருக்கும். குதிரைப் பகுதியில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஆலையில் பேல் நம்பரும் லாட் நம்பரும் சரிபார்ப்பது போலத்தான்.

துப்பாக்கி நிஜமாக இருந்துவிடும், காகிதம்தான் தகராறு. பல சான்றிதழ்களில் ‘ஜப்பான் துப்பாக்கி ஒன்று’ என்றுமட்டும் இருக்கும், வரிசை எண் இராது. அப்படிப்பட்ட காகிதத்தை எந்தத் துப்பாக்கியோடும் சேர்த்துக் கட்டிவிடலாம். கட்டி விற்கிறார்கள். முழுசாகவே புதுக் காகிதம் தயாரிப்பவர்களும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு எளிய வழி, இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டுவது. 1950களிலிருந்து காகித ஆலைகள் வெளுப்புக் கூட்டும் ரசாயனத்தைப் பரவலாகக் கலக்க ஆரம்பித்தன. டினோபால் போட்ட வேட்டி நாடகக் கொட்டகையின் விளக்கில் நீலமாக ஜொலிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சரக்குதான். 1945 என்று தேதி போட்ட காகிதம் அப்படி ஜொலித்தால் குட்டு வெளிப்பட்டது. கதையைப் பார்த்து வாங்காதே, துப்பாக்கியைப் பார்த்து வாங்கு என்று பழக்கப்பட்ட சேகரிப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்வதும் இதனால்தான்.

இத்தனை சாமர்த்தியத்தையும் நாம் மெச்சுகிறோம். ஆனால் விளக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறோம். அந்த அரிசாக்கா சரணாகதிக்கு முன்னால் யாரை நோக்கி நீட்டப்பட்டிருந்தது?

1942-43ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. நேச நாட்டு யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000க்கு மேல் செத்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய்ப் பிடித்துப்போன தமிழ்த் தொழிலாளிகள் பட்ட பாடு அதைவிடக் கொடியது. காலராவிலும் பசியிலும் அடியிலும் மடிந்தார்கள். காவலுக்கு நின்றவன் தோளில் துப்பாக்கி இருந்தது. செத்த வெள்ளைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. தமிழன் எத்தனை பேர் செத்தான் என்ற கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பேர்ப்பட்டியல் வைக்கவில்லை. தோட்டத்துத் துரைக்கும் வைக்கத் தோன்றவில்லை, ஜப்பான்காரனுக்கும் வைக்கத் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஏகாதிபத்தியங்களும் ஒத்துப்போயின.

அதே தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களையும் நினைக்க வேண்டும். பால்வெட்டும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தொடாத கைகள். அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகள். 1945ல் அவற்றை மறுபடியும் பிரிட்டிஷாரிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட துப்பாக்கி ஒன்று இன்று யாருடைய சுவரிலாவது தொங்கினால், அதற்கு மூன்று கைகளின் சரித்திரம் உண்டு. பத்திரம் யார் பெயரில் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

1878

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு ஒரு வருஷம் உண்டு. அது 1878. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தார். அந்த ஒரே வருஷத்தில் மூன்று சட்டங்கள் வந்தன. ஆயுதச் சட்டம்: லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியனுக்கு விலக்கு உண்டு. புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் மண்ணிலிருந்து கண்டெடுத்தவன் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டம்: இதையெல்லாம் வங்காளியில் கண்டித்து எழுதினால் அச்சுக்கூடம் போய்விடும், இங்கிலீஷ் பத்திரிகைக்குக் கவலையில்லை. கையிலிருப்பதை எடுத்தார்கள், மண்ணிலிருப்பதை எடுத்தார்கள், வாயையும் கட்டினார்கள். பத்திரிகைச் சட்டம் சில வருஷங்களில் ஒழிந்தது. ஆயுதச் சட்டம் சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் கழித்து, 1962 அக்டோபரில் புதுச் சட்டம் அமலாகும் வரை இருந்தது. புதையல் சட்டம் சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது.

இதன் விளைவைப் பாருங்கள். அந்தச் சட்டம் வந்த நாளில் ஒரே சண்டையில் ஒரு வெள்ளை அதிகாரியும் ஒரு தமிழ்ச் சிப்பாயும் நின்றால், அதிகாரி தான் கைப்பற்றிய துப்பாக்கியை ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சிப்பாய் அதே துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுவந்தால் ஜெயில். ஆகையால் ‘யுத்த ஞாபகார்த்தம்’ என்கிற சொல்லே நம் சிப்பாய்க்குக் கிடையாது. அவன் கொண்டுவந்த ஞாபகார்த்தம் காலில் குண்டு பட்ட நொண்டலும் மெசபடோமியா மலேரியாவும்தான்.

சிப்பாய் கையில் கொடுத்த துப்பாக்கியிலும் சூது. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று, குழலின் உள்வரிகளை நீக்கி வழவழப்பாக்கிய துப்பாக்கிகளைத் தயாரித்தார்கள். வெள்ளைச் சோல்ஜரின் துப்பாக்கி தூரத்தில் குறி தவறாது, இது தவறும். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் இன்னொரு வேலை நடந்தது. .303 துப்பாக்கிகளை .410 அளவுக்குக் குடைந்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி மாற்றிப் போலீசுக்கும் ஜெயில் காவலருக்கும் கொடுத்தார்கள். ஜனங்கள் பறித்துக்கொண்டால்கூட ராணுவத் தோட்டா அதில் ஏறக்கூடாது என்பது கணக்கு. ஆட்சி தன் போலீசையே எவ்வளவு நம்பியது என்பதற்கு இதைவிடச் சிறந்த பத்திரம் வேண்டுமா? இந்த .410 துப்பாக்கிகள் பிற்காலத்தில் கழிவுச் சரக்காகக் கடல் தாண்டி, அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போயின. 2003ல் காட்மாண்டு அரண்மனைக் கிடங்கிலிருந்து நேபாள ராணுவத்தின் பழைய துப்பாக்கிகள் ஏறத்தாழ 50,000, அமெரிக்க வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்கப்பட்டன. இஷாப்பூர் முத்திரை எது, குடைந்த குழல் எது என்று அங்கே நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். எந்தக் கூட்டத்தின் மேல் சுட்டது என்ற கேள்வி மட்டும் சோதனைப் பட்டியலில் இல்லை. தொழிலாளி ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட வர்க்கம் நாம். அந்தக் கேள்வியை நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, தாத்தாவின் பட்டாளத்துத் துப்பாக்கி வீட்டிலிருக்கிறது என்று யாரேனும் சொன்னால் உதவும். 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019ல் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். பழுது பார்த்தாலும் சுட உதவாத பழைய துப்பாக்கிக்கு 45ம் பிரிவில் விலக்கு உண்டு. சுட உதவாது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவன் தலையில்தான் வந்து விழும். நூறு வருஷம் தாண்டிய பொருள் என்றால் 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், தனியார் வெளிநாட்டுக்கு விற்க முடியாது. இது நல்ல சட்டம். இருநூறு வருஷம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

குடும்பப் பேச்சும் ஒரு சாட்சியா?

இப்போது பழவேற்காட்டுக்கு வருகிறோம். ஏரியில் மீன்பிடிக்க அங்கே பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர் எந்த நாளில் வலை கட்டுவது என்று முறைவைத்து, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. கோட்டைக்குப்பத்து மீனவரைக் கேட்டால் பாட்டன் காலத்துத் தகராறு எந்தப் பாட்டில் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று சொல்வார். பரணிலிருந்து எடுத்த துப்பாக்கிக்குச் சொல்லும் கதையைவிட இது எவ்வளவோ உறுதியான பூர்வோத்தரம், ஏனென்றால் நேற்றும் அந்தத் தண்ணீரில் வலை கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பட்டா எங்கே? தண்ணீருக்கு ஏது பட்டா! 1980ல் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைச் சரணாலயமாயிற்று. தெற்கே காட்டுப்பள்ளியில் 330 ஏக்கர் துறைமுகத்தை வாங்கிய அதானி கம்பெனி, அதை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டு மனுக் கொடுத்தது. கடல் அரிக்கும், முகத்துவாரம் கெடும், இறால் போகும் என்று மீனவர் ஊர்கள் எதிர்த்து நின்றன. கம்பெனியிடம் வரைபடமும் அறிக்கையும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மீனவரிடம் இருப்பது வாய்ப்பேச்சு. பெர்க்ஷயர் பரணுக்கு வாய்ப்பேச்சு சாட்சியாகும்போது பழவேற்காட்டு ஏரிக்கு மட்டும் ஏன் ஆகாது? மேஜரின் பேரன் சொன்னால் சரித்திரம், மீனவரின் பேரன் சொன்னால் வதந்தியா?

பாடு முறையிலும் கோணல் உண்டு, அதை மறைத்துப் பேச நாம் தயாரில்லை. அது பட்டினவர் ஊர்களின் உரிமையாக இருந்துவருகிறது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளருக்கும், தலித் குடும்பங்களுக்கும் அந்தச் சீட்டில் பெயரில்லை. வாய்மொழி வழக்கம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. எழுத்தில் ஏற்றும்போது இதையும் திருத்தித்தான் ஏற்ற வேண்டும்.

ஏற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தஞ்சைத் தோழர்கள் பதில் சொல்வார்கள். வாய்மொழிக் குத்தகைக்கு ஆதாரம் கிடையாது என்றுதான் மிராசுதார்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போராடிப் போராடி 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பக்கத்து வயல்காரனின் சாட்சியத்தை வைத்துச் சாகுபடி செய்பவனின் பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறியது. வயலுக்கு முடிந்தது ஏரிக்கு முடியாதா?

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறது. 1855ல் கும்பினியார் விழுங்கிய தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையிலிருந்து வந்தவையும் அங்கே உண்டு. ஒவ்வொரு ஆயுதத்தின் கீழும் யார் செய்தது, எந்த வருஷம் என்பதோடு, யாரிடமிருந்து எப்படி வந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்கிறோம். அதற்குச் செலவு அட்டையும் மையும்தான். பழவேற்காட்டுக்கு ஒரு தாசில்தாரையும் இரண்டு குமாஸ்தாக்களையும் அனுப்பச் சொல்கிறோம். ஊர்ப் பெரியவர்களையும், மீன் விற்கும் பெண்களையும், இருளர் குடிசைகளிலிருந்து வருகிறவர்களையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து, எந்தத் துறை யாருடையது, எந்தப் பாடு எப்போது என்று கேட்டு எழுதட்டும். மீன் வரத்துக் குறைந்த மாதமாகப் பார்த்து வரவேண்டும். இறால் சீசனில் வந்தால் பந்தலில் ஆள் இருக்காது.